உன்னைக் குறை சொல்ல ஓர் ஆள்

காலையில் சுவரைத் தாண்டிக் கோப்பி மணம் வருகிறது. நம் யூனிட்டுக்கும் அடுத்த யூனிட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். அந்தச் சுவருக்குப் பயந்தே நாம் வாழ்நாள் முழுக்க மெல்லப் பேசினோம். இப்போது கோப்பி மணத்தோடு ஒரு குரலும் அதன் வழியாக வருகிறது.

“மாப்ள, எந்திரிங்க. காபி ஆறுது.”

கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்கிறேன். வயிறு எரிகிறது. நல்ல மனிதர்களைப் பார்த்து இப்படி எரியலாமா என்று கேட்பாய். எரிகிறது, என்ன செய்ய? உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

நீ போன பிறகு அடுத்த யூனிட்டை ஒரு தம்பதி வாங்கினார்கள். ஒருவன் கார்த்திக், திருச்சிப் பையன், ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. மற்றவன் விரெமு, இந்த நாட்டின் ஆதிக்குடியான மாவோரி, பக்கத்தில் விரி என்ற இடத்தில் பெரிய கோடவுன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இந்த வருடத் தொடக்கத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சட்டப்படி, சாட்சி வைத்து, கையெழுத்துப் போட்டு. இப்போது கார்த்திக்கின் அம்மா சரோஜா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். விரெமுவைக் காலையில் எழுப்பிக் கோப்பி கொடுக்கிற குரல் அவருடையதுதான்.

எழுத்தே தெரியாதிருந்த நான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். நீ போன பிறகு தபாலில் வந்த தமிழ்ப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஆங்கிலத்தில் சிரித்தார்கள், நான் தமிழில் சிரித்தேன். “அங்கிள், யுவர் ழ இஸ் சோ ஃபேட்!” என்றாள் பக்கத்தில் இருந்த சிறுமி. இன்றைக்கும் என் ழ குண்டாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலை முழுவதும் போய்விடுகிறது. முடித்ததும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நான் எழுதியது! எழுந்து அறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

நீ தமிழ்ப் பேப்பரை விரித்து எனக்கு வாசித்துக் காட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? வாசிக்கும் முன்னால் நீ மட்டும் ஒருமுறை சிரித்துக்கொள்வாய். எனக்கு அந்தப் பேப்பரைக் கிழிக்க வேண்டும் போல இருக்கும். நான் வர முடியாத இடத்தில் நீ யாரோடு சிரிக்கிறாய்? ஆக, பொறாமை எனக்குப் புதிய குணம் இல்லை. இப்போது அதை எழுதவும் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த யூனிட்டை வாடகைக்குக் கேட்டு நாம் ஒடாஹுஹுவுக்கு வந்த நாளை நினைத்துப் பார். வீட்டுக்காரர் மலேசியத் தமிழர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் யாரு? சொந்தமா?”

“ஓம், இவன் என்ர தம்பி. சித்தப்பான்ர மகன்,” என்றாய் நீ. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“அண்ணன் தம்பின்னா தொல்லை இல்ல. எடுத்துக்குங்க.”

கதவு மூடியதும் நீ சுவரில் சாய்ந்து நின்று சத்தம் வராமல் சிரித்தாய்.

“எங்க, அண்ணை எண்டு ஒருக்காச் சொல்லு பாப்பம்.”

“சொல்லமாட்டன்.”

“வெளியில சொல்லத்தானே வேணும்.”

சொன்னேன். வாசலுக்கு உள்ளே நீ எனக்கு நீ. வாசலைத் தாண்டினால் நீங்கள், அண்ணை. நீ பஸ் ஓட்டினாய், நான் கோழித் தொழிற்சாலையில் நின்றேன். இரண்டு இடத்திலும் நாம் சகோதரர்கள். கோயிலில் சனம் நம்மை வேறு எப்படியும் அறியாது. அங்கே ஓடித் திரிந்த பிள்ளைகள் உன்னைப் பெரியப்பா என்றார்கள், என்னைச் சித்தப்பா என்றார்கள். அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நம் காலில் விழ வைத்தார்கள். ஒரு சின்ன வார்த்தையிலிருந்து ஒரு பெரிய குடும்பமே முளைத்துவிட்டது. அதில் நமக்குச் சந்தோசமும் இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன்.

பிறகு சட்டம் வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யலாம் என்று பாராளுமன்றத்தில் முடிவானதை அடுத்த நாள் டீவியில் காட்டினார்கள். மேலே மாடத்தில் இருந்த சனம் எழுந்து நின்று பாடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாய்.

“நல்லது. பெடியளுக்கு நல்லது,” என்றாய். “சத்தத்தைக் கொஞ்சம் குறை.”

“எங்களுக்கும்தானே?”

“எங்களுக்கெண்டால்?”

“நாங்களும் செய்யலாம்தானே.”

நீ கத்தியைக் கீழே வைத்தாய். “பெரியப்பாவும் சித்தப்பாவும் கலியாணம் கட்டுகினம், எல்லாரும் வாங்கோ எண்டு கோயிலில போய்ச் சொல்லுவமோ?”

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “மடையா, அண்டைக்கு மச்சான் எண்டாவது சொல்லியிருக்கலாம். மச்சானெண்டால் எங்கட சனத்துக்கு முறையாவது இருக்கு!”

செதிள் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு நீ திரும்பவும் மீனை எடுத்தாய். மீன் குழம்பு அன்று நன்றாக இருந்தது. அந்தக் கதையை நாம் திரும்ப எடுக்கவே இல்லை. சட்டம் வந்த பிறகும் உனக்குப் பல வருடங்கள் இருந்தன.

இனி அடுத்த வீட்டைச் சொல்கிறேன், நீயும் கொஞ்சம் எரி.

அவர்கள் சண்டை பிடிப்பதைப் பார்க்க வேண்டும். குப்பைத் தொட்டியை ரோட்டுக்கு யார் இழுத்துக்கொண்டு போவது என்று ட்ரைவேயில் நின்று, ஊர் கேட்கக் கத்துகிறார்கள். நாம் சண்டை பிடித்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பிடிப்போம். ஒருநாள் கார்த்திக், “கோ அண்ட் டெல் யுவர் அத்தை!” என்று கத்தினான். விரெமு உண்மையாகவே உள்ளே போய் மாமியாரிடம் சொன்னான். அவர் வெளியே வந்து பெற்ற மகனைத் திட்டினார். “மாப்பிள்ளை நாள் பூரா வேலை பாத்துட்டு வந்திருக்காரு, நீ இழுத்தா கை தேஞ்சிடுமா?” விரெமுவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் வென்றது தான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்காகப் பேச ஒரு மாமியார் இல்லாமல் நான் கிழவனாகிவிட்டேனே என்று யன்னலுக்குப் பின்னால் நின்று நினைத்தேன்.

இன்னொரு நாள் கார்த்திக் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டே கரண்டுக் கம்பனியோடு போனில் பேசினான். “இட்ஸ் அண்டர் மை ஹஸ்பண்ட்ஸ் நேம்,” என்றான். குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. வேலை முடிந்து வந்தவன் சாவியை மேசையில் போடுகிற மாதிரிப் போட்டான் அந்தச் சொல்லை. போட்டுவிட்டு அடுத்த சட்டையை உதறினான். நான் கையில் இருந்த பீன்ஸை நறுக்க மறந்து நின்றேன்.

விரெமுவின் கணுக்கால் முறிந்தபோதும் அப்படித்தான். கார்த்திக் ஆஸ்பத்திரிக் கதவடியில் தான் யார் என்று ஒரே சொல்லில் சொன்னானாம், உள்ளே விட்டார்களாம். திரும்பி வந்து, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று மட்டும் என்னிடம் குறைப்பட்டான். அவனுக்குப் பார்க்கிங்தான் கஷ்டம்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னிடம் என்னையும் விட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். தம்பி என்றேன், விட்டார்கள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் உன் கட்டிலைச் சுற்றிக் கோயில் சனம் எப்போதும் இருந்தது. நல்ல சனம், சூப் கொண்டுவந்த சனம். அவர்கள் முன்னால் ஓர் அண்ணனின் கையைத் தம்பி எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாம்? கொஞ்ச நேரம் பிடித்தேன். பிறகு போர்வையைச் சரி செய்கிற மாதிரிப் பிடித்தேன். பிறகு நீயே கையை உருவிக்கொண்டு, “தம்பி, நீ வீட்டை போய்ப் படு,” என்றாய். சனம் கேட்கச் சொன்னாய். நான் எழுந்து போனேன். லிஃப்டுக்காக நின்றபோது அந்தத் தம்பி என்ற சொல்லின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

உன் கிரியையைச் செய்ததும் நான்தான். தம்பிக்கு அந்த உரிமை உண்டு. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். “அண்ணையைப் பாத்துப் பாத்தே உங்கட காலம் போட்டுது. இனியாவது உங்கட பாட்டில சந்தோசமா இருங்கோ,” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் அவருக்கு வடை கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது உன்னை அறிந்தவர்கள் எல்லாருக்கும் நீ என் அண்ணன். நான் ஒருவன்தான் வேறு விதமாக அறிந்தவன். எனக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. நானும் போய்விட்டால் நீ என்றைக்குமாக என் அண்ணன் ஆகிவிடுவாய், அதை மாற்ற ஆள் இல்லை. ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தேன். கோயிலில் முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் முடியவில்லை. கார்த்திக்கிடம்கூட முடியவில்லை. அவன் எனக்காகப் பாவப்படுவான் என்ற பயம். பொறாமைப்படுகிறவனுக்குப் பாவப்படுகிறவனைப் பிடிக்காது.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் சரோஜா வந்து கதவைத் தட்டினார்.

“அண்ணா, ஒரு உதவி கேக்கலாமா?”

“வாங்கோ தங்கச்சி, இருங்கோ.”

அவர் உட்காரவில்லை. “பசங்களுக்கு இது தலைதீபாவளி. கல்யாணத்துக்கு நான் வரல, கோவிச்சிக்கிட்டு ஊர்லயே உக்காந்துட்டேன். அப்புறம் யோசிச்சேன். அரசாங்கமே புருஷன்னு எழுதிக் குடுத்துட்டான், இனிமே நான் மூஞ்சியத் தூக்கி வச்சு என்ன ஆகப்போகுது? மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதானே. தீபாவளியாவது முறையாப் பண்ணிடறேன்.”

கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் தீபாவளியைப் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குச் செய்வது அவர்கள் வழக்கம். காலையில் மணையில் உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும்.

“இங்க பொண்ணு வீடு எது?” என்றேன்.

“அதான் எனக்கும் புரியல. ரெண்டுமே மாப்பிள்ளை, ரெண்டுக்கும் நான்தான் மாமியார்னு வச்சிக்கிட்டேன்.” சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “ஆனா எண்ணெய் நான் வைக்கக் கூடாதுண்ணா. எங்க வீட்டுக்காரர் போயிட்டாருல்ல. நல்ல காரியத்துல நான் முன்னாடி நிக்கறது சரியில்ல. நீங்க வைங்க.”

எங்க வீட்டுக்காரர் போயிட்டாருல்ல. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! அவருக்குப் போனவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். அதற்காக அவரை ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள், அது அநியாயம், எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த நேரத்தில், நீ சிரிக்காதே, அந்த ஒதுக்கத்தின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. எண்ணெய் வைக்கும் பாக்கியம் எனக்கு வேண்டாம். வைக்கக் கூடாத துரதிர்ஷ்டம் எனக்கும் சொந்தம். அதை அவர் மட்டும் வைத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

“நானும் வைக்கக் கூடாது தங்கச்சி,” என்றேன்.

“ஏண்ணா?”

“நானும் உங்களை மாதிரித்தான்.”

“ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் யாரு பாக்கறா? அதுவும் உங்களுக்குக் கல்யாணமே ஆகலன்னு கார்த்தி சொன்னானே. உங்க சம்சாரம்…”

“சம்சாரம் இல்லை,” என்றேன். “உங்கட மாப்பிள்ளை மாதிரி, ஒருத்தர்.”

அவர் கண் சுவருக்குப் போனது. மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தார். “உங்க அண்ணன்…”

“அண்ணை இல்லை.”

சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னேன். அவர் மெல்லக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். என்ன கேட்கப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

“கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?” என்றார்.

புருஷனை இழந்த பெண்ணிடம் இன்னொரு பெண் கேட்கிற குரல் அது. நீ போனதிலிருந்து என்னிடம் ஒருவரும் அந்தக் குரலில் கேட்கவில்லை. நான் அழுதேன். அவர் எழுந்து என் குசினியில் தண்ணீர் எடுத்து வந்தார்.

“பசங்ககிட்ட நான் சொல்லட்டுமா, வேணாமா?”

“சொல்லுங்கோ,” என்றேன். “எல்லாரிட்டையும் சொல்லுங்கோ.”

“சரி, அப்ப எண்ணெய்?” கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “ஸ்கூல்ல நான் கணக்கு டீச்சர் அண்ணா. மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ். ரெண்டு பேரும் சேர்ந்து வச்சிடுவோம், ஒண்ணும் ஆகாது.”

தீபாவளி அன்று காலை அவர்கள் வீட்டு வரவேற்பறையில் பழைய பெட்ஷீட் விரித்திருந்தது. வேலையிடத்தில் வீசிய பலகையைக் கொண்டுவந்து, தேய்த்து வழுவழுப்பாக்கி விரெமு தானே மணை செய்திருந்தான். இரண்டு பேரும் உட்கார, முக்கால்வாசியை அவன் எடுத்துக்கொண்டான். “நகர்ந்து உக்காருடா தடியா,” என்றான் கார்த்திக். சரோஜா ஒரு கையும் நான் ஒரு கையுமாக எண்ணெய் வைத்தோம். விரெமுவின் சுருட்டை முடி குடித்துக்கொண்டே போனது. “அத்தை, போதும், போதும்,” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

பிறகு அவன் எழுந்து, மாவோரிகள் வழக்கப்படி என் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்தான். “அங்கிள், வாட் வாஸ் ஹிஸ் நேம்?” என்று கேட்டான்.

உன் பெயரைச் சொன்னேன். வெறும் பெயர். அதற்குப் பின்னால் அண்ணை என்று ஒன்றும் ஒட்டவில்லை.

பெடியள் குளிக்கப் போன நேரத்தில் நானும் சரோஜாவும் வெளிப் படியில் வெயிலில் உட்கார்ந்தோம்.

“எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான்,” என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் குறை வரப்போகிறது என்று எனக்கும் தெரியும். “ஆனா சாப்டியான்னு ஒரு நாள் கேட்டதில்லண்ணா. தட்டுல என்ன வச்சாலும் பேப்பரப் பாத்துக்கிட்டே சாப்ட்டுட்டு எந்திரிச்சிருவாரு.”

எனக்கு வாய் ஊறியது. இத்தனை காலம் தொழிற்சாலையில், கோயிலில், ஒவ்வொருவரும் தங்கள் ஆளைப் பற்றிக் குறை சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணனைப் பற்றி யார் அப்படிக் குறை சொல்வார்கள்?

“இவர் அதுக்கு எதிர்ப்பக்கம்,” என்றேன். “சாப்பிட்டாச்சு எண்டு சொன்னாலும் நம்பமாட்டார். பானையைத் திறந்து பாப்பார். பெரிய கரைச்சல். குளிர்காலத்தில விடியமுன்னம் எழும்பி, என்ர பூட்ஸைக் கொண்டுபோய் ஹீட்டருக்கு முன்னால வைப்பார், நான் போடேக்க சூடா இருக்கவேணுமாம். ஒருக்கா ஒண்டு கருகிப்போச்சுது. புதுப் பூட்ஸ் தங்கச்சி! சொன்னால் கேக்கிற ஆளே?”

குறையாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ட்ரைவேயைப் பார்த்தார்.

“கொடுத்து வச்சவங்கண்ணா நீங்க,” என்றார். பிறகு, நம்பாதவர் போல, “நெசமாவே வச்சாரா? தினமுமா?” என்றார்.

“ஓம். எல்லாக் குளிருக்கும்.”

உதட்டை மடித்துக்கொண்டார். அந்த முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லவே வேண்டாம், நான் அதில் பழுத்தவன். நீயும் நானும் வாழ்ந்ததைப் பார்த்து, முதன்முதலாக ஒருவருக்கு வயிறு எரிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை உனக்கு எப்படி எழுதுவேன்? அதற்கு வேண்டிய சொற்களை இன்னும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை இந்தக் குறைகள்தான். ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவை, எல்லாம் புதிதாகவே இருக்கின்றன. சரோஜா ஊருக்குத் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு உன் குறட்டையைச் சொல்லப்போகிறேன். உன் குறட்டை கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும் என்பதையும் சேர்த்துத்தான். நன்றாக எரியட்டும்.